இடப்பக்கம்

லைசென்ஸில் நான் ஊ செயின் வின்.
வீட்டில் சன்னாசி.
ரங்கூன் பஸ்ஸுக்குள் முப்பத்தோரு வருஷமாய் வெறும் சயா.
சயா என்றால் வாத்தியார் என்றும் அர்த்தம்.
ஆறாம் வகுப்போடு நின்றவனுக்கு
கியர் கம்பி கொடுத்த பட்டம்.

எங்கள் முதல் வண்டி ஜப்பானில் ஆயுள் முடிந்து வந்தது.
பக்கவாட்டில் ஏதோ ஓர் ஊர் நீச்சல்குளத்தின் விளம்பரம்,
கடைசிவரை அழியவில்லை.
அங்கே சாலைக்கு இடப்புறம் ஓடியது,
இங்கே வலப்புறம்.
பட்டறையில் விலாவை அறுத்து
கதவை இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள்.
ஸ்டியரிங்கை மாற்றப் பணம் இல்லை.
ஆக, நான் உட்கார்ந்தது நடைபாதை ஓரம்.
மீன்கூடைக்காரியின் கன்னத்துத் தனாக்கா வரை தெரியும்,
எதிரே வரும் லாரி தெரியாது.

அதற்குத்தான் டுன் வே.
கதவு வலம், சாலை இடம்.
நாற்பது பேரின் முழங்கைகளை நீந்திக் கடந்து
இடது ஜன்னலில் தலையை நீட்டுவான்.
"யா தே, சயா!"
போகலாம்.
அந்த இரண்டு அசையை நம்பி
பாதி லேடானை நான் பார்க்காமலே கடந்திருக்கிறேன்.
மனைவியிடம்கூட அப்படிக் கண்ணை மூடியதில்லை.
அவளுக்கு இது தெரியும். சிரிப்பாள்.

பழசு பொற்காலம் என்று சொல்ல வரவில்லை.
முதலாளிக்கு நாள் வாடகை,
மிஞ்சினால் நமக்கு.
முன்னால் போகும் வண்டியின் ஆட்களைப்
பிடுங்குவதற்காகவே ஓட்டினோம்.
நிறுத்தம் வந்தால் வேகம் குறையும், நிற்காது.
வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி குடையோடு ஓடிவந்ததைக்
கண்ணாடியில் பார்த்துக்கொண்டே
இரண்டாம் கியர் போட்டவன் நான்.

ஒரு வாஸோ மாத மழையில்
டுன் வே "யா தே" என்றான்.
இல்லை.
இருந்தது ஒரு சைக்கா.
அதன் மூன்றாம் சக்கரம் தனியே உருண்டு
வடிகாலில் விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள்,
எனக்குச் சத்தம் மட்டும்.
ஆள் பிழைத்தார். கணுக்கால் போயிற்று.
ஸ்டேஷனில் "அவனைக் கேட்காமல் திருப்பினேன்" என்றேன்.
"நான்தான் தப்பாய்ச் சொன்னேன்" என்றான் அவன்,
அடுத்த அறையில்.
இரண்டையும் எழுதவேண்டி வந்த போலீஸ்காரருக்குக் கோபம்.
ஆறு மாதம் லைசென்ஸ் அவர் மேஜைக்குள்.
நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

பிறகு சீனத்துப் புது வண்டிகள்.
ஸ்டியரிங் இடப்பக்கம். மாதச் சம்பளம். பெயருக்கு ஏசி.
ஸ்பேர் தேவையில்லை என்று
அவன் நின்ற இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி.
இருநூறு கியாட் தாளை மடித்துப் போட வேண்டும்.
பெட்டி எதையும் சொல்லாது.
இப்போது முழுச் சாலையும் எனக்கே தெரிகிறது.
தெரிந்தும்
முந்துவதற்கு முன் ஒரு நொடி
கால் பெடல்மேல் காத்திருக்கிறது.
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.

போன செவ்வாய் மியெனிகோனில் ஏறினான்.
தலை நரைத்து, கையில் டிபன் கேரியர்.
பெட்டியில் தாளைப் போட்டுவிட்டு
நேரே போனான் இடது ஜன்னலுக்கு.
வாய் நிறைய வெற்றிலை. அவன் பேசவில்லை, நானும்.
நின்றிருந்த சிமெண்டு லாரி ஒன்றைத் தாண்ட வேண்டும்.
எதிரே யாருமில்லை, எனக்கே தெரிந்தது.
ஆனாலும் கண்ணாடியில் பார்த்தேன்.
தலையை வெளியே நீட்டி
உள்ளே இழுத்து
ஒரு முறை ஆட்டினான்.
போனேன்.

சூலேக்கு ஒரு நிறுத்தம் முன்னால்
சாற்றை வெளியே துப்பிவிட்டு
"பா தே" என்றான்.
இறங்க ஆள் இருக்கு.
பதினொரு வருஷம் மற்றவர்களுக்காகக் கத்திய வார்த்தை.
நிறுத்தத்தில் முழங்கால் அளவு தண்ணீர்.
பத்தடி முன்னாலேயே
மேடான இடம் பார்த்து நிறுத்தினேன்.
விதிப்படி அது தப்பு.